கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட்

சாதிச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில்தான் இந்தக் கேள்வி முதலில் வந்தது. நான் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தேன். நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பம் என்பதற்கு ஆதாரமாக அம்மாயியின், அதாவது அம்மாவின் அம்மாவின், பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் ஓர் அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வழங்கிய இடம் கண்டின்னு போட்டிருக்கே, எம்பஸி கொழும்புலதானே இருக்கும்?" என்றார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். எங்களுக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாயியிடம் கேட்டேன். "எங்களுக்கு ஆபீசுன்னா கண்டிதான். கொழும்ப யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவப் போய்விட்டார்.

1971-இல் வாங்கிய பாஸ்போர்ட் அது. எல்லா இந்தியப் பாஸ்போர்ட்டிலும் இருப்பதுபோல அதன் உள்ளேயும் ஒரு பத்தி. இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால், இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போக விடும்படியும், தேவைப்படும் உதவியைச் செய்யும்படியும் சம்பந்தப்பட்ட எல்லாரையும் கேட்டுக்கொள்ளும் பத்தி. இந்தியிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது. அம்மாயிக்கு இரண்டுமே வாசிக்கத் தெரியாது.

கண்டி ஏன் என்பதற்குப் பதில் தேடப் போய், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே தூது போனவர்களின் கதையையே வாசிக்கத் தொடங்கினேன். வருஷக்கணக்கில் விட்டுவிட்டு வாசித்தது. வாசிக்க வாசிக்க ஒன்று பிடிபட்டது. மற்ற நாடுகளுக்கு இடையில் தூதர் என்பவர் ராஜாவுக்கும் ராஜாவுக்கும் நடுவே நின்றவர். இந்த இரண்டு நாடுகளுக்கு இடையில், குறைந்தபட்சம் கடைசி நூறு வருஷத்தில், அவர் கூலி ஆட்களின் கணக்கோடு தொடங்கியவர்.

முதலில் பெயர்த் தகராறு ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊர்ப் பத்திரிகைகள் "இந்தியத் தூதர்" என்று எழுதும். இலங்கைப் பத்திரிகைகளில் "உயர் ஸ்தானிகர்". பதவியின் சரியான பெயர் ஹை கமிஷனர். காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் தூதரை அனுப்புவதில்லை, ஹை கமிஷனரைத்தான் அனுப்புகின்றன. தூதர் என்பவர் ஓர் அரசர் இன்னோர் அரசருக்கு அனுப்பும் ஆள். இரண்டு பக்கமும் ஒரே அரசர் என்றால் அவர் தனக்கே எப்படித் தூது அனுப்புவார்? 1880-இல் கனடா லண்டனுக்கு அலெக்சாண்டர் கால்ட் என்பவரை அனுப்பியபோது இந்தப் பதவிப் பெயர் வந்தது. அரசர் போய்க் குடியரசுகள் வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாகிஸ்தான் 1972-இல் காமன்வெல்த்தை விட்டு விலகியது; 1976-இல் மறுபடியும் உறவு தொடங்கியபோது இந்தியா அங்கே அனுப்பியவர் 'தூதர்'. 1989-இல் அவர்கள் திரும்பிச் சேர்ந்ததும் அதே நாற்காலி ஹை கமிஷனர் நாற்காலி ஆகிவிட்டது. பெயர்ப் பலகை செய்கிறவருக்கு நல்ல வரும்படி.

தூது என்றதும் ஔவையில் தொடங்குவது நம் வழக்கம். நான் அரிட்டனில் தொடங்குகிறேன். மகாவம்சம் சொல்லும் கதை. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து தேவானம்பிய தீசன், அசோகருக்குப் பரிசுப் பொருட்களோடு ஒரு தூதுக்குழு அனுப்பினான். தலைமை அவனுடைய மருமகன் மகா அரிட்டன். கூட ஒரு புரோகிதர், ஓர் அமைச்சர், ஒரு கணக்கர். ஜம்புகோளம் என்ற துறையில் கப்பலேறினார்கள். யாழ்ப்பாணத்துச் சம்பில்துறைதான் அது என்று சொல்கிறார்கள். ஏழு நாளில் வங்கக் கரை, இன்னும் ஏழு நாளில் பாடலிபுத்திரம். அங்கே ஐந்து மாதம் தங்கினார்கள். அசோகர் ஆளுக்கொரு பட்டம் கொடுத்து, அரசனுக்கு முடிசூட்டுப் பொருட்களையும் கூடவே புத்தரைச் சரணடைந்த செய்தியையும் கொடுத்து அனுப்பினார். வரலாறு எவ்வளவு, காவியம் எவ்வளவு என்று பிரிப்பது என் வேலை இல்லை. எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கர்தான். முதல் தூதுக்குழுவிலேயே கணக்குப் பார்க்க ஓர் ஆள் இருந்திருக்கிறார்!

சோழர் காலம் அவ்வளவு நாகரிகமாக இல்லை. பதினோராம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. சோழர்களைப் பொலன்னறுவையிலிருந்து துரத்திய முதலாம் விஜயபாகு, சோழரின் பகையாளியான கர்நாடக அரசனுக்குப் பரிசுகளோடு தூதர்களை அனுப்பினான். போகும் வழியில் சோழ நாட்டில் அவர்களைப் பிடித்து மூக்கையும் காதையும் அறுத்துவிட்டார்கள் என்கிறது சூளவம்சம். விஜயபாகு தன் அவையில் இருந்த சோழத் தூதர்களைக் கூப்பிட்டான். அவர்களுக்குப் பெண் வேஷம் போட்டு, நேருக்கு நேர் மோத வரச்சொல்லி அழைப்பும் கொடுத்துத் திருப்பி அனுப்பினான். அடுத்து நடந்ததுதான் விசேஷம். சோழ நாட்டின் மேல் படையெடுத்துப் போக அவன் யாரை ஏவினான் தெரியுமா? வேளைக்காரர்களை. அவனிடம் கூலிக்கு இருந்த தமிழ்ப் படையினரை. அவர்கள் போக மாட்டோம் என்று கலகம் செய்து, பொலன்னறுவையில் அரண்மனையையே கொளுத்தினார்கள். கலகம் ஒடுக்கப்பட்டது. ஆனால் அதே வேளைக்காரர்கள் பிற்பாடு புத்தரின் புனிதப் பல்லைக் காப்பதாக உறுதி சொல்லித் தமிழில் வெட்டிய கல்வெட்டு இன்றும் பொலன்னறுவையில் நிற்கிறது. இரண்டு ராஜாக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தமிழ்க் கூலிகள். பிழைக்கப் போன இடத்தில், எந்தப் பக்கம் என்று கேட்டால் என்ன சொல்வது?

அப்புறம் பல நூற்றாண்டுகளைத் தாண்டிவிடுகிறேன். கண்டி ராஜாக்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்தது, 1739-இல் நாயக்கர் வம்சமே அங்கே அரியணை ஏறியது எல்லாம் தனியாக எழுத வேண்டிய கதை. சென்னையிலிருந்து கண்டிக்குப் போன இரண்டு வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். டச்சுக்காரர்களோடு சண்டையில் இருந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சென்னைக் கும்பினியிடம் உதவி கேட்டான். 1762-இல் ஜான் பைபஸ் என்பவரை அனுப்பினார்கள். ராஜா முன்னால் அவர் மண்டியிட வேண்டியிருந்தது. அதைப் பற்றி மனக்கசப்போடு எழுதிவைத்திருக்கிறார். ஆனால் உதவி செய்வதாக வாக்குக் கொடுக்கும் அதிகாரம் ஏதும் அவர் கையில் இல்லை. இருபது வருஷம் கழித்து கும்பினிக்கே தேவை வந்தது. 1782-இல் ஹியூ பாய்டு போனார். அடுத்த ராஜா, ராஜாதி ராஜசிங்கன், எங்களுக்குத் தேவைப்பட்டபோது நீங்கள் வரவில்லை, இனிப் பேசுவதென்றால் உங்கள் ராஜாவே ஆள் அனுப்பட்டும் என்கிற மாதிரி சொல்லி அனுப்பிவிட்டான். திரும்பும் வழியில் பாய்டைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பாவம். 1815-இல் கண்டி விழுந்தது. கடைசி ராஜா வேலூர்க் கோட்டைக்கு வந்து, 1832-இல் அங்கேயே இறந்தார்.

இரண்டு கரையும் ஒரே கொடியின் கீழ் வந்த பிறகு தூதருக்கு என்ன வேலை? தூதர் இல்லை. ஆனால் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணி பின்னால் போனார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் நேரத்தில் அவர்கள் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. தோட்டத்துக்கு ஓர் எழுத்து, ஆளுக்கு ஓர் எண். அதுதான் அவர்கள் பாஸ்போர்ட்.

இந்த ஆள் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளச் சிலோன் தோட்ட முதலாளிகள் 1904-இல் ஓர் அலுவலகம் திறந்தார்கள். டெல்லியில் இல்லை, சென்னையில்கூட இல்லை. திருச்சியில். ராமேஸ்வரத்துக்கு முன்னால் மண்டபத்தில் சிலோன் அரசு ஒரு முகாம் நடத்தியது. இந்திய மண்ணில், இன்னொரு அரசின் முகாம். அங்கே ஆட்களைச் சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, துணிமணியை மருந்துத் தண்ணீரில் போட்டெடுத்து, நோய் இல்லை என்று பார்த்து அனுப்பினார்கள். பிற்காலத்தில் ஈழ அகதிகள் வந்திறங்கிய மண்டபம் முகாம் என்றால் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரின் வேர் இங்கே இருக்கிறது.

இந்தப் பக்கம், 1922-இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. கூலிகளாகப் போகிறவர்களின் நலனைக் கவனிக்க அந்த நாட்டில் இந்திய அரசுக்கு ஓர் ஏஜென்ட் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1923-இல் இலங்கைக்கான முதல் ஏஜென்ட் போய்ச் சேர்ந்தார். அலுவலகம் எங்கே? கண்டியில்.

எனக்கு அந்த வரியை வாசித்தபோது அம்மாயி வெற்றிலையோடு நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. கவர்னர் கொழும்பில். துறைமுகம் கொழும்பில். ஆனால் ஏஜென்டுக்கு வேலை மலையில். நுவரெலியா, ஹட்டன், பதுளை, மாத்தளை என்று தோட்டங்களுக்குப் போக வேண்டும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைப் பார்க்க வேண்டும், மனு வாங்க வேண்டும். இரு நாட்டு உறவின் முதல் அலுவலகங்கள் இரண்டும் தலைநகரங்களைத் தொடவே இல்லை. ஒன்று திருச்சியில், ஒன்று கண்டியில். ஆள் எடுக்கும் இடத்தில் ஒன்று, ஆள் போய்ச் சேரும் இடத்தில் ஒன்று. தூதரகம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏஜென்டின் வேலை வருஷாவருஷம் அறிக்கை எழுதுவது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பிரசவம், எத்தனை சாவு, அரிசி என்ன விலை, கூலி என்ன. 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி நிர்ணயித்த நாட்கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பிள்ளைக்கும் கூலி நிர்ணயம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் குறைத்தார்கள். இன்று ஒரு தூதரகத்தின் அறிக்கையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் தினக்கூலி இருக்குமா? அன்று அதுதான் அறிக்கையே.

அந்தக் குறைப்பு நடந்த காலத்தில் கண்டியில் ஏஜென்டாக இருந்தவர் கே.பி.எஸ். மேனன். 1929 முதல் 1933 வரை. ஐ.சி.எஸ். தேர்வில் முதலிடம் பெற்றவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர். 1931-இல் இலங்கையில் வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை வந்ததும், அதில் தோட்டத் தமிழர்களில் யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்ற சண்டை சூடுபிடித்ததும் அவர் இருந்தபோதுதான். பிறகு அவர் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலர் ஆனார். அவருடைய பெயரையே கொண்ட மகன், 1987-இல் ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம் கையெழுத்தானபோது வெளியுறவுச் செயலர். மகள் வழிப் பேரன் சிவசங்கர் மேனன் 1997 முதல் 2000 வரை கொழும்பில் ஹை கமிஷனர், பிறகு அவரும் வெளியுறவுச் செயலர். மூன்று தலைமுறை. எங்கள் வீட்டிலும் இலங்கையோடு மூன்று தலைமுறைத் தொடர்பு உண்டு. கோப்பின் இந்தப் பக்கத்தில் அவர்கள், அந்தப் பக்கத்தில் நாங்கள்.

1939-இல் நிலைமை கெட்டது. இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையைவிட்டு அனுப்பத் தொடங்கியது. காங்கிரஸ் நேருவை அனுப்பியது. அவர் போன வேளையில்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. பேச்சில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்குக் கூலி ஆட்கள் போவதை இந்தியா தடை செய்தது. கதவைச் சாத்தினார்கள், உள்ளே போனவர்கள் உள்ளேயே.

போர் வந்தது. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போக, இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அந்த வருஷம் இலங்கை தன் மூத்த தலைவர்களில் ஒருவரான சர் பாரன் ஜயதிலகவை டெல்லிக்குப் பிரதிநிதியாக அனுப்பியது. அரசாங்க சபையின் தலைவராக, இன்றைய கணக்கில் பிரதமர் மாதிரி இருந்தவர், அதை விட்டுவிட்டு வந்தார். எழுபதைக் கடந்த, பழுத்த பாலி, சிங்களப் புலவர் டெல்லி வெயிலில் உட்கார்ந்து அரிசிக்கு அலைந்த காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். 1944-இல் உடம்பு முடியாமல் ஊர் திரும்பும் வழியில் பெங்களூரில் இறந்தார். இலங்கையின் முதல் டெல்லிப் பிரதிநிதி ஊர் போய்ச் சேரவில்லை. இந்தியா 1943-இல் எம்.எஸ். ஆணேயைக் கொழும்புக்கு அனுப்பியது. காந்தி சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து ராஜினாமா செய்தவர்களில் அவர் ஒருவர்.

1947. சுதந்திர இந்தியா இலங்கைக்கு முதல் ஹை கமிஷனரை அனுப்ப வேண்டும். ஒரு ஐ.சி.எஸ். அதிகாரியை அனுப்பியிருக்கலாம். ஒரு மகாராஜாவைக்கூட அனுப்பியிருக்கலாம், அப்போது அதுவும் நடந்தது. அனுப்பியது வி.வி. கிரியை. ரயில்வே தொழிலாளர்களிடையே சங்கம் வளர்த்த மனிதர், 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சர். அந்த நாற்காலியின் வேலை என்ன என்று டெல்லிக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் கிரி கண் முன்னால்தான் எல்லாம் கைவிட்டுப் போனது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1948-இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்று காகிதத்தில் நிரூபி என்றது. லயத்தில் பிறந்தவனுக்குக் காகிதம் ஏது? 1949-இல் இந்திய, பாகிஸ்தானியருக்கென்று தனிச் சட்டம், விண்ணப்பிக்கலாம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. தேறியவர்கள் சுமார் 1.34 லட்சம் பேர். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் நாடாளுமன்றம் போகவில்லை. நேரு, அவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், உங்கள் பிரஜைகள் என்றார். இலங்கைப் பிரதமர் சேனநாயக்க, உங்கள் ஆட்கள் என்றார். நடுவில் கடிதம் கொண்டுபோனவர் கிரி. 1951-இல் ஊர் திரும்பினார். அவருக்குப் பிறகு வந்தவர் மாத்ருபூமி நாளிதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான கே.பி. கேசவ மேனன். கண்டியில் இருந்த கே.பி.எஸ். மேனன் வேறு, இவர் வேறு. நான் இரண்டு நாள் குழம்பினேன்.

1954-இல் நேரு–கொத்தலாவல ஒப்பந்தம் ஒன்று வந்து போனது. 1964 அக்டோபர் 30 அன்று, நேரு இறந்து ஐந்து மாதத்தில், டெல்லியில் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'பிறகு' என்பது பத்து வருஷம் கழித்து 1974-இல் வந்தது, ஆளுக்குப் பாதியாக. வருஷாவருஷம் ஏழு பேர் இந்தியா போனால் நாலு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஏழுக்கு நாலு. அரிட்டனோடு போன கணக்கருக்கு நல்ல வாரிசுகள். அந்த மக்களைக் கேட்கவில்லை என்பது மலையகத் தலைவர் தொண்டமானின் தொழிலாளர் காங்கிரஸ் அப்போதே வைத்த குற்றச்சாட்டு. உண்மையும் அதுதான்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். என் தாத்தாவின் தம்பி 'நாலில்' ஒருவர். தாத்தா 'ஏழில்' ஒருவர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராவில், அதாவது அறையில், இருந்தவர்கள். யார் எதற்கு விண்ணப்பிப்பது என்று ஒரு ராத்திரி முழுக்கப் பேசினார்களாம். விடிவதற்குள் முடிவாகவில்லை. காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பிரட்டுக் கொட்டிவிட்டார்கள், எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் ஆளுக்கொரு படிவம்.

இப்போது கண்டி புரியும். ஐந்தே கால் லட்சம் பேருக்குப் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டுமென்றால் அந்த வேலை மலைக்குப் பக்கத்தில்தான் நடக்க முடியும். அன்று ஏஜென்ட் உட்கார்ந்திருந்த ஊரில்தான் சுதந்திரத்துக்குப் பிறகு உதவி ஹை கமிஷனர் உட்கார்ந்தார். தாத்தாவும் அம்மாயியும் மூன்று பிள்ளைகளோடு பஸ் பிடித்துக் கண்டி போனார்கள். பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, பெரியவளுக்கு மட்டும் புதுச்சட்டை. பெரியவள் என் அம்மா, வயது ஒன்பது. அன்று தலதா மாளிகையைப் பார்த்தீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன். வெளியில் நின்று குளத்து மீனுக்குப் பொரி போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்கள் வந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் விட்டுப் போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுத அழுகையால் வந்த பெயர். தலைமன்னாரில் கப்பல் ஏறினால் ராமேஸ்வரம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போய்விட்டதால் அதற்கப்புறம் கப்பல் நேரே ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. அங்கிருந்து மண்டபம், அதே முகாம். பிறகு கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியோருக்கென்று 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் வேலை. இன்று டான்டீ என்கிறோமே, அது. மலை மாறியது, கொழுந்துக் கூடை மாறவில்லை.

இரு நாட்டுத் தூதர்கள் என்று தேடினால் எழுதப்பட்டிருப்பதில் பாதி ஜே.என். தீக்ஷித்தைப் பற்றித்தான் இருக்கும். சென்னையில் பிறந்தவர், 1985 முதல் 1989 வரை கொழும்பில். இலங்கைப் பத்திரிகைகள் அவரை வைஸ்ராய் என்றே எழுதின. அந்தக் காலத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் மனதில் நிற்பது கொழும்பில் இருந்தவர் இல்லை, டெல்லியில் இருந்தவர். 1987 ஜூன் 4. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய நிவாரணப் படகுகளை முந்தின நாள் இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. இலங்கை ஹை கமிஷனர் பெர்னார்ட் திலகரத்னவை வெளியுறவு அமைச்சகத்துக்குக் கூப்பிட்டார்கள். விமானங்கள் உணவுப் பொருட்களைப் போடப் போகின்றன, தடுத்தால் கூட வரும் மிராஜ் போர் விமானங்கள் பதில் சொல்லும் என்று அமைச்சர் நட்வர் சிங் சொன்னார். ஒரு தூதர் அதைக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்து, காரில் ஏறி, கௌடில்ய மார்க்கில் இருக்கும் தன் அலுவலகத்துக்குப் போய், தன் ஜனாதிபதிக்கு அதைச் சொல்ல வேண்டும். அந்தச் சாலைக்குக் கௌடில்யர் பெயர் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

கண்டியில் வேலை பார்த்தவர் கொழும்பில் ஹை கமிஷனர் ஆனதும் ஒரு முறை நடந்தது. கோபாலகிருஷ்ண காந்தி. காந்திக்கும் ராஜாஜிக்கும் பேரன், தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1978 முதல் 1982 வரை கண்டி அலுவலகத்தில் இருந்தார், தோட்ட மக்களைத் திருப்பி அனுப்பும் இதே வேலையில். 2000-இல் ஹை கமிஷனராகத் திரும்பி வந்தார். வந்த தூதர்கள் எல்லாரிலும், லயத்துக் காம்பிரா எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லியிருக்கக்கூடியவர் இவர்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். 1984-இல் கப்பல் நின்றுபோனதோடு திருப்பி அனுப்புவதும் நின்றது. பாஸ்போர்ட் வாங்கி வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்கெல்லாம் 2003-இல் இலங்கை ஒரு சட்டத்தின் மூலம் பிரஜாவுரிமை கொடுத்தது. 1948-இல் தொடங்கியது 2003-இல். ஐம்பத்தைந்து வருஷம்.

கண்டி அலுவலகம் இன்றும் இருக்கிறது. 2010-இல் யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் இந்தியா துணைத் தூதரகம் திறந்தது. யாழ்ப்பாணத்து அதிகாரிகளின் வேலைகளில் ஒன்று, பிடிபட்ட ராமேஸ்வரம் மீனவர்களைச் சிறையில் போய்ப் பார்ப்பது. பெயர், தகப்பன் பெயர், ஊர், படகு எண்.

போன வருஷம் அந்தப் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்வதற்காக எடுத்தேன். குடியரசுத் தலைவரின் பெயரால் என்ற வரியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 1971-இல் குடியரசுத் தலைவர் யார்? வி.வி. கிரி. 1969-இலிருந்து 1974 வரை அவர்தான். 1948-இல் எந்த மக்களுக்காகக் கொழும்பில் வாதாடித் தோற்றாரோ, அந்த மக்கள் இருபத்து மூன்று வருஷம் கழித்து அவர் பதவியின் பெயரால் கப்பலேறியிருக்கிறார்கள். அவர் கையெழுத்து அதில் இல்லை. பெயரும் இல்லை.

அம்மாயிக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக, மெதுவாக, இதையெல்லாம் சொன்னேன். கிரி என்று ஒருத்தர், கொழும்பில் நம் ஆட்களுக்காகப் பேசினவர், நீங்கள் வந்தபோது இங்கே ஜனாதிபதி, இந்தப் புத்தகமே அவர் பேரில்தான் என்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பாஸ்போர்ட்டை வாங்கிப் போட்டோப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப அவருக்கு நம்மளத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.